‘மூட்டம் எறங்கிருச்சு... போகாதீக!’

புரட்டாசி பிறந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும்.

"சார், ஆயுத பூஜை, அதோட ஒட்டினாப்ல சனி, ஞாயிறு. சுளையா நாலு நாள் லீவு. ஏறுற மாதிரி ஒரு மலை சொல்லுங்க!"

ஏதோ நான் மலைகளுக்கு மொத்த வியாபாரி மாதிரி! படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு ஏற்ற இறக்கம் தெரியாத படிப்பு. எப்போதோ இரண்டு மலைக் கட்டுரை எழுதிவிட்டேன். அதற்குத்தான் இத்தனை மரியாதை. இப்படி போன் பண்ணுகிறவர்கள் ஜீப் வாடகை கேட்பார்கள், ஆம்லெட் கிடைக்குமா என்று கேட்பார்கள். இரண்டே இரண்டு கேள்விகளை மட்டும் கேட்க மாட்டார்கள். அந்த மாதத்தில் மலை எப்படி இருக்கும்? உள்ளே விடுவார்களா?

நானும் ஒரு காலத்தில் கேட்காதவன்தான். அதனால் என்ன ஆச்சு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால், இந்த ‘இலையுதிர் காலம்’. சின்ன வகுப்பில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’வுக்காகப் படித்ததோடு சரி. நம் ஊரில் அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை, மழைதான் உதிர்கிறது. இமயமலைக்காரர்களுக்கு அக்டோபர் என்றால் கொண்டாட்டம். தென்மேற்குப் பருவமழை மூட்டை கட்டிவிடும்; வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நேபாளத்தில் நடக்கிறவர்கள் கூட்டம் அப்போதுதான் அதிகம். அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் இங்கே பையைத் தூக்குகிறார்கள். அங்கே மழை முடிகிற அதே நேரத்தில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை குடை விரிக்கிறது. பழனி மலைத் தொடருக்கு வருஷத்தின் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான்.

நம் முன்னோர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தொல்காப்பியர் அந்தக் கூதிரையும் நள்ளிரவையும் குறிஞ்சி நிலத்துக்கு ஒதுக்கினார். ஏன்? அந்த மழையில், அந்த இருட்டில், காதலியைப் பார்க்க மலை ஏறி வருகிறவன் படும் பாடு இருக்கிறதே, அதற்காக! (பர்மிஷன் பிரச்னை அப்போதே இருந்திருக்கிறது. அவனுக்கு, பெண்ணின் அம்மாவிடம்!)

சரி, கதைக்கு வருகிறேன்.

2017 ஐப்பசி. சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸில் இருந்தேன். ஐந்து பேர் கிளம்பினோம். பெயர்கள் வேண்டாம், ஆபீஸில் அவரவர் டிபார்ட்மென்ட்தான் அவரவர் பெயர். ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், சேல்ஸ், ஆடிட். அப்புறம் நான். ஸ்டோர்ஸுக்குத்தான் வயது அதிகம், நாற்பதைத் தொட்டவர். ஆடிட் எங்களில் ஒல்லி. காற்றடித்தால் வவுச்சர் மாதிரி பறந்துவிடுவான்.

ஆறாவதாக ஒருவர். நண்பருக்கு நண்பர். தலைக்கு 1,500 ரூபாய் பேசி எங்களைக் கூட்டிப் போக ஒப்புக்கொண்டவர். திட்டம் இதுதான்: கவுஞ்சியிலிருந்து காட்டு வழியாக கிளாவரை, அங்கிருந்து எல்லை தாண்டி கேரளத்தின் வட்டவடை, அப்புறம் மூணாறு.

"பர்மிஷன் வேணாமா சார்?"

"நான் பார்த்துக்கறேன்."

"மழை வந்தா?"

"நான் பார்த்துக்கறேன்."

அந்த மனிதரின் வாயில் வேறு வார்த்தையே கிடையாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸ், கொடை ரோடு, கொடைக்கானல். அங்கிருந்து மேல்மலை பஸ். ஏரியைச் சுற்றி சைக்கிள் விட்டுவிட்டு, கோக்கர்ஸ் வாக்கில் சோளம் கடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத் தெரியாத கொடைக்கானல் அந்த பஸ்ஸில்தான் ஆரம்பிக்கிறது. பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றி படிப்படியாக வயல்கள். மலைப்பூண்டுக்குப் பேர் போன இடம். அந்தப் பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பிறகு மன்னவனூர். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கும் ஊர். புல்வெளியைப் பார்த்தால் ஏதோ வெளிநாட்டுக் காலண்டர் மாதிரி இருக்கும். அதையும் தாண்டினால் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சரிவு முழுக்க பூண்டு, உருளை, கேரட் பாத்திகள். மூலையில் ஒரு டீக்கடை.

கடைக்காரருக்கு அப்போதே அறுபது இருக்கும். மங்கி குல்லா, தோளில் கம்பளி. ஐந்து கிளாஸை வரிசையாக வைத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"எங்கப்பா போறீக?"

சொன்னோம்.

அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ஆடிட்டின் புது ஜீன்ஸையும் கான்வாஸ் ஷூவையும் பார்த்தார். அப்புறம் எதிர்மலையைப் பார்த்தார்.

"மூட்டம் எறங்கிருச்சு தம்பி. நாலு மணிக்குள்ள மழை புடிக்கும். ஓடை பெருகிட்டா அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நாங்க. போகாதீக. பஸ்ஸு வரும், கிளாவரைக்கு அதுல போயிட்டுத் திரும்பி வாங்க."

"பெரியவரே, நாங்க பஸ்ல போக வரலை" என்றான் சேல்ஸ். கொஞ்சம் துடுக்காகத்தான் சொன்னான். பதிலுக்கு அவரும் ஏதோ சொல்ல, வார்த்தை வளர்ந்து, நம் வழிகாட்டி இடையில் புகுந்து எங்களைத் தள்ளிக்கொண்டு போனார்.

"டீக்காசு?" என்றேன்.

"நான் பார்த்துக்கறேன்."

மணி ஒன்று. முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அதற்குப் பிறகு வெள்ளை. முன்னால் போன சேல்ஸ் தெரியவில்லை. அவன் முதுகில் இருந்த சிவப்புப் பை மட்டும் தனியாக மிதந்து போயிற்று. மூன்று மணி வாக்கில் எங்கேயோ இடி. ஐப்பசி மழைக்கு இது ஒரு குணம், பிற்பகலில் இடியோடு வரும். காலையில் வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்பிப் போனால் மாட்டிக்கொள்வோம். மூன்றரைக்கு மழை பிடித்தது. பெரியவர் கணக்கில் அரை மணி நேரம்தான் பிழை.

அட்டைகளைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. கடிப்பது தெரியாது, ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ ஒன்றைச் செலுத்திவிட்டுத்தான் உறிஞ்சும், சாக்ஸைக் கழற்றினால் ஆட்டுக்கறிக் கடை. பயம்தானே தவிர ஆபத்து இல்லை. ஆபத்து வேறு ரூபத்தில் வந்தது.

ஓடைக்கு வந்து சேர்ந்தோம். கணுக்கால் அளவுதான் இருக்கும் என்று சொல்லப்பட்ட ஓடை, முழங்காலுக்கு மேல், டீ கலரில் ஓடியது. வழிகாட்டி ஒரே தாவலில் அக்கரை போனார். "வழி பார்த்துட்டு வர்றேன்" என்றார். (முதல் தடவையாக வேறு வார்த்தை!) அப்புறம் அவரை நாங்கள் மறுநாள் காலையில்தான் பார்த்தோம். பாக்கிப் பணம் கேட்க வந்தார்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். ஆடிட் வெடவெடவென்று நடுங்கினான். பேச்சு குழறியது. கொஞ்ச நேரம் கழித்து நடுக்கம் நின்றது.

"இப்பக் குளிரலைடா. உக்காந்துக்கறேன்" என்றான்.

நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவ்வளவு முட்டாள்கள்! பின்னால் ஒரு டாக்டர் நண்பர் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உடம்பின் உள்சூடு இறங்கும்போது முதலில் நடுக்கம் வருமாம். அது உடம்பு சூடு உண்டாக்கப் போராடுவது. போர்த்தாமல், உலர்த்தாமல் நடுக்கம் தானாக நின்றால், உடம்பு போராட்டத்தைக் கைவிட்டது என்று அர்த்தம். இதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும்; 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானல், மதுரையைவிடப் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரி குளிர்ச்சி. அந்தக் குளிரில் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் போதும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் தண்ணீரைக் குடித்துவிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டெரிலின் சட்டையும் கம்பளி ஸ்வெட்டரும் தேவலை.

ஸ்டோர்ஸ்தான் முடிவெடுத்தார். "ஓடையைத் தாண்டக் கூடாது. திரும்புறோம். இவனை நடுவுல விடு." சேல்ஸ் முணுமுணுத்தான்: "ஆயிரத்தைந்நூறு ரூபாய் அண்ணே!" ஸ்டோர்ஸ் பதிலே சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதினார்.

ஐந்தரைக்கே காட்டுக்குள் இருட்டு. செல்போனில் கோடு ஒன்றுகூட இல்லை. ஆடிட்டை இரண்டு பேர் தாங்கி நடந்தோம். வழி இதுதானா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. எத்தனை நேரம் என்று ஞாபகமில்லை. கீழே இரண்டு டார்ச் வெளிச்சம் அசைந்தது.

"ஏப்பா... யாருப்பா அங்க?"

டீக்கடைப் பெரியவர். கூட இரண்டு இளவட்டங்கள்.

அவர் வீட்டில் அடுப்படியில் ஆடிட்டின் ஈரத் துணியை உருவிவிட்டுக் கம்பளியில் சுற்றினார்கள். பெரியவரின் மனைவி வெல்லம் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி நடுங்க ஆரம்பித்தான். நடுக்கத்தைப் பார்த்து நாங்கள் அழுததை இன்றுவரை ஆபீஸில் யாருக்கும் சொன்னதில்லை.

"ஓடைக்கு அந்தாண்ட போயிருந்தீகன்னா நான் வந்திருக்க மாட்டேன்" என்றார் பெரியவர், அடுப்பைத் தள்ளிக்கொண்டே. "எனக்கும் புள்ளை குட்டி இருக்கு."

சென்னை திரும்பியதும் கேன்டீனில் இதை ஒரு வீரக் கதையாக நாலு மாதம் சொல்லித் திரிந்தேன். 2018 மார்ச் 11-ம் தேதியோடு நிறுத்திவிட்டேன்.

அன்றைக்குத்தான் தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல், காற்று, செங்குத்தான சரிவு. தீ மேட்டை நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. 23 பேர் செத்துப் போனார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் லீவு பார்த்துக் கிளம்பியவர்கள். அந்தத் தடத்துக்கு அனுமதி இருந்ததா, யார் கொடுத்தது என்பதுதான் அப்புறம் எல்லாப் பத்திரிகையிலும் கேள்வி. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எங்களுக்கும் அனுமதி இல்லை. அதைக் கேட்காமலேயே பணம் கொடுத்தவன் நான். அவர்கள் போனது மாசியில், நாங்கள் போனது ஐப்பசியில். வேறென்ன வித்தியாசம்?

அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, ஆன்லைனில் பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு போகலாம். 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்குப் பயந்து சாத்தி வைத்தார்கள். ‘இதென்ன, சொந்த நாட்டில் நடக்க டிக்கெட்டா?’ என்று கோபப்படுகிற நண்பர்கள் உண்டு. அவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஓடைக் கதையைச் சொல்கிறேன்.

கவுஞ்சிப் பக்கம் என்ன சட்டம் என்று கேட்பீர்கள். ஊர் ரோட்டில், வயல் ஓரத்தில் நடக்க யாரும் தடுக்கப் போவதில்லை. காட்டுக்குள் கால் வைத்தால் கதை வேறு. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். பேரிஜம் ஏரிக்குக்கூட வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். யானை வந்தால், மழை பெய்தால், அதுவும் கிடையாது. பேரிஜம் வழியாக மூணாறு போகும் பழைய ரோடு இருக்கிறதே, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் தப்பி ஓட என்று வெள்ளைக்காரன் செப்பனிட்டது, அது 1990-லேயே மூடப்பட்டுவிட்டது. கிளாவரையிலிருந்து வட்டவடை போகும் பாதை ஊர்க்காரர்கள் காலம் காலமாக நடந்த வழி. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரள வனத்துறை. குறிஞ்சிமலா சரணாலயம், பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா என்று அடுத்தடுத்து. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைப்பவன் இரண்டு டிபார்ட்மென்ட்டிடமும் கேட்டுக்கொண்டு வைக்க வேண்டும். செல்போன் மேப் பாதையைக் கோடு போட்டுக் காட்டும். பர்மிஷனைக் காட்டாது. ஓடையின் ஆழத்தையும் காட்டாது.

வண்டியில் போகிறவர்களுக்கு இன்னொன்று. சென்னை ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்புமுன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு வரை போய்விட்டு அசடு வழிய வேண்டாம்.

மற்ற மலைகள்? வெள்ளியங்கிரி ஏழு மலையும் சிவராத்திரியை ஒட்டித் திறந்து கோடையோடு மூடுவது. ஐப்பசியில் நினைக்கவே வேண்டாம். சதுரகிரியில் ஓடையில் தண்ணீர் வந்தால் பாதையை அடைத்துவிடுவார்கள்; 2015-ல் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனபின் அதில் சமாதானமே இல்லை. ஆனைமுடி, 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரம். கீழே நின்று கும்பிடலாம். பக்கத்திலேயே 2,640 மீட்டர் மீசப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் மூலம் பதிவு செய்து போகலாம்.

மழையைத் தாண்டி இன்னொரு ஆள் இருக்கிறார்: புயல். 2018 நவம்பர் 16, ஐப்பசி கடைசி. வேதாரண்யத்தில் கரையேறிய கஜா, கடற்கரையோடு நிற்காமல் நேராகக் கொடைக்கானல் மலை வரை வந்தது. ரோடெல்லாம் மரம் விழுந்து மலைக் கிராமங்கள் துண்டித்துப் போயின. இமயமலைக்காரர்களுக்கும் விதிவிலக்கில்லை. 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட், இரண்டே நாளில் நேபாளத்து அன்னபூர்ணாவில் பனிப்புயலாகக் கொட்டி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நல்ல சீசன் என்று நம்பிப் போனவர்கள். வங்காள விரிகுடாவில் ஒரு சுழி கிளம்பினால் மலைக்காரனும் ரேடியோவைத் திருப்ப வேண்டும்.

போன ஐப்பசியில் மறுபடி கவுஞ்சி போனேன். ஆடிட்டும் ஸ்டோர்ஸும் கூட வந்தார்கள். சேல்ஸ் துபாயில், பர்ச்சேஸ் வீட்டில் பர்மிஷன் கிடைக்கவில்லை. இந்தத் தடவை காட்டுப் பக்கமே போகவில்லை. முதல் நாள் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வெயில் வருமுன் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது, பாலாடை மாதிரி. ரோட்டோரமாகவே பூண்டி பக்கம் நடந்து, திரும்பும் இடமெல்லாம் புதிதாக முளைத்த அருவிகளைப் பார்த்து, வழியில் ஒரு காட்டு மாடு எங்களை முறைத்துவிட்டுப் போக, ஒரு மணிக்கெல்லாம் டீக்கடை பெஞ்சில். ஐப்பசியில் மலைக்குப் போகிறவனுக்கு அவ்வளவுதான் நேரம். விடியலில் இருந்து சாப்பாட்டு மணி வரை. அந்த அளவுக்கு அது தருவது தை மாதத்தில்கூடக் கிடைக்காது.

கடையை இப்போது மகன் பார்க்கிறார், கல்லாவில் க்யூ.ஆர். கோடு அட்டை. பெரியவர் அதே பெஞ்சில், அதே மங்கி குல்லா. ஆடிட்டை அடையாளம் தெரிந்துகொண்டார். "அந்த ஒல்லித் தம்பிதானே? சதை போட்டிருச்சு!"

"எந்த மாசம் வந்தா நல்லா ஏறலாம் ஐயா?" என்று கேட்டேன்.

விரல் விட்டார். "ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி உறைபனி, காலையில புல்லு வெள்ளையாக் கெடக்கும், ஆனா நடக்கலாம். தை நல்லாருக்கும். மாசி, பங்குனி தீ. அப்பறம் ஆடியில காத்து." கொஞ்சம் யோசித்தார். "மிச்சம் இருக்கற நாள்ல வாங்க."

பி.காம். மூளை உடனே கணக்குப் போட்டது. வருஷத்துக்கு 365 நாள். மழை, தீ, காற்று, புயல் எச்சரிக்கை எல்லாம் கழித்தால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை சுத்தமான நாட்கள். அதில் எனக்கு எத்தனை நாள் லீவு? பொங்கலுக்கு அம்மா ஊருக்கு வரச் சொல்வாள். நிகர மிச்சம்... வேண்டாம், விடுங்கள்.

வெளியே மூட்டம் இறங்க ஆரம்பித்தது. ரொம்ப வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, அன்னிக்கு உங்ககிட்ட மரியாதை இல்லாமப் பேசிட்டுப் போனோம். அந்த மழையில எங்களைத் தேடி எதுக்கு வந்தீங்க?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆறு டீ, மூணு பன்னு. காசு குடுக்காமப் போயிட்டீகளே!"

நான் பர்ஸை எடுத்தேன். அவர் அன்றைய விலைக்குத்தான் கணக்குப் போட்டார். வட்டி கேட்கவில்லை.